யானை இல்லாத கல்வெட்டு

அப்ரஹா என்ற பெயரை முதலில் கேட்டபோது எனக்கு ஆறு வயது இருக்கும். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு தெரு மதரஸாவுக்கு ஓதப் போவோம். அன்றைக்குப் பாடம் குர்ஆனில் ‘அலம்தர கைஃப’ என்று தொடங்கும் சூரா, அதாவது அத்தியாயம். ஐந்தே வசனம்தான், சீக்கிரம் மனப்பாடமாகிவிடும். ஹஜரத் பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொன்னார். ஏமன் நாட்டு ராஜா கஃபாவை இடிக்க யானையோடு கிளம்புகிறான். முன்னால் போன யானை மக்கா எல்லையில் மண்டிபோட்டுவிட்டது. ஏமன் பக்கம் திருப்பினால் எழுந்து ஓடுகிறது, மக்கா பக்கம் திருப்பினால் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அபாபீல் பறவைகள் வருகின்றன. ஒவ்வொன்றும் அலகில் ஒரு கல், கால்களில் இரண்டு கல். ராஜாவின் படை மாடு மென்று துப்பிய வைக்கோல் மாதிரி ஆகிப்போகிறது.

அந்த வயதில் எங்களுக்கு அப்ரஹா என்றால் யானைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கெட்ட ஆள், அவ்வளவுதான். சூராவில் அவன் பெயரே கிடையாது என்பதைக் கவனிக்கவே எனக்குப் பல வருஷம் ஆனது. ‘யானைக்காரர்கள்’ என்று மட்டும்தான் வரும். பெயர், ஊர், காரணம் எல்லாம் பிறகு வந்த அறிஞர்கள் எழுதிவைத்தது.

முப்பது வருஷம் கழித்து, சவூதியின் தெற்கு ஓரத்தில் நஜ்ரான் பக்கம் ஒரு தொழிலாளர் முகாமில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மாவு, அரிசி, எண்ணெய், பருப்பு வந்தால் எண்ணி வாங்க வேண்டும், போனால் எண்ணிக் கொடுக்க வேண்டும், மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாது. ஒரு வெள்ளிக்கிழமை மலையாளி டிரைவர் ஒருவர், “அண்ணா, பாறையில எழுத்து இருக்கற இடம் ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?” என்றார். சும்மா கிடப்பதற்குப் போய் வரலாமே என்று ஏறிக்கொண்டேன்.

அந்த இடத்தின் பெயர் பீர் ஹிமா. பழைய கிணறுகள் உள்ள இடம். தெற்கேயிருந்து சாம்பிராணி வகையறாவை ஏற்றிக்கொண்டு வடக்கே போன ஒட்டகக் கூட்டங்கள் தண்ணீருக்காக இங்கே நின்றே ஆக வேண்டும். நின்றவர்களுக்குப் பொழுது போகவில்லை போலும். சுற்றிலும் உள்ள பாறைகளில் ஒட்டகம், மாடு, ஈட்டி பிடித்த ஆட்கள், பெயர்கள் என்று பல நூற்றாண்டு கிறுக்கல். 2021-ல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாறைகளில் ஒன்றில், நாம் பள்ளியில் பார்த்த அரபி எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கோடும் வட்டமும் சதுரமுமாக நிமிர்ந்து நிற்கும் எழுத்தில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. ‘முஸ்னத்’ என்று அந்த எழுத்துக்குப் பெயர், 29 எழுத்துகள். தென் அரேபியாவில் இஸ்லாத்துக்கு முன் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் இதில்தான் எழுதினார்கள்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறைக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். படித்ததும் சிரிப்பு வந்தது. அது ஒரு ஸ்டாக் கணக்கு.

கொல்லப்பட்டவர் 12,500. பிடிபட்டவர் 11,000. கைப்பற்றிய ஒட்டகம், மாடு, ஆடு சேர்ந்து 290,000.

வெட்டச் சொன்னவர் ஷரஹ்இல் யக்புல் என்ற தளபதி. யஸ்அன் குலத்தவர். வருஷம் ஹிம்யரிக் கணக்கில், அதாவது அன்று ஏமனை ஆண்ட ஹிம்யர் அரசின் கணக்கில், 633. நமக்கு கி.பி. 523. அவருடைய ராஜா யூசுஃப் அஸ்அர் யஸ்அர். அரபி வரலாறுகளில் தூ நுவாஸ் என்று வருபவர் இவர்தான். யூத மதத்தைச் சேர்ந்த ஹிம்யர் அரசர். தலைநகர் ஸஃபாரில் இருந்த தேவாலயத்தை எரித்தது, அங்கிருந்த அபிசீனியர்களை (இன்றைய எத்தியோப்பியர்கள்) கொன்றது, செங்கடல் ஓரத்தில் முகா வரை போய் அடித்தது, அபிசீனியாவிலிருந்து கப்பல் வராமல் மந்தப் ஜலசந்தியைக் காவல் காத்தது, நஜ்ரானை வளைத்தது எல்லாம் கல்லில் இருக்கிறது. பக்கத்திலேயே கௌகப் மலையில் இதே தளபதி ஒரு மாதம் முன்பு வெட்டிவைத்த இன்னொரு கல்வெட்டு. அதில் கொல்லப்பட்டவர் 13,000, பிடிபட்டவர் 9,500, கால்நடை 280,000. ஒரு மாதத்தில் கைதிகளும் கால்நடையும் கூடியிருப்பது சரி. செத்தவர்களில் 500 பேர் எப்படிக் குறைந்தார்கள்? என் மேலாளர் பார்த்திருந்தால் விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்.

என்னைத் தொட்டது பீர் ஹிமாக் கல்வெட்டில் உள்ள இன்னொரு தகவல். படைக்குப் போனவர்கள் வீட்டைவிட்டுப் பதின்மூன்று மாதம் பிரிந்திருந்தார்களாம். வெற்றிப் பட்டியலுக்கு நடுவில் அதையும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் முகாமில் யாரைக் கேட்டாலும் லீவு முடிந்து வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசிக்காமல் சொல்வார்கள். பதின்மூன்று மாதம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

கல்வெட்டு வெட்டிய சில மாதங்களில் நஜ்ரானில் நடந்தது வேறு. ஊரின் கிறிஸ்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள். சிரியாக் மொழிக் கடிதங்கள் வழியாக அந்தச் செய்தி கிறிஸ்தவ உலகம் முழுக்கப் பரவியது. குர்ஆனில் புரூஜ் சூராவில் வரும் நெருப்புக் குண்டக்காரர்களின் கதை இதுதான் என்று நம் விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இதைப் பற்றி யூசுஃபின் பக்கத்துக் கல் எதுவும் இல்லை. இரண்டே வருஷத்தில் அவரே இல்லாமல் போனார்.

அவரை முடித்தது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்சூம், இன்றைய எத்தியோப்பியா. ராஜா காலெப், கிறிஸ்தவர். பைசாந்தியப் பேரரசு கப்பல் திரட்டிக் கொடுத்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட நஜ்ரான் தியாகிகள் வரலாறு, கப்பல்களைத் துறைமுகம் துறைமுகமாக எண்ணிக் காட்டுகிறது. இன்றைய அகபா அருகே இருந்த அய்லாவிலிருந்து 15, சூயஸ் பக்கத்துக் குல்ஸூமிலிருந்து 20, இப்படி. அந்த வரிசையில் இந்தியாவிலிருந்து 9! படித்ததும் நம்மூர்க் கப்பலோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தில் ‘இந்தியா’ என்பது ரப்பர் மாதிரி இழுபடும் சொல். சில சமயம் தென் அரேபியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும்கூட அதே பெயர்தான். அதனால் பெருமைப்படுவதைத் தள்ளிவைத்தேன். 525 வாக்கில் படை இறங்கியது, யூசுஃப் மாண்டார். குதிரையோடு கடலுக்குள் இறங்கி மறைந்துபோனார் என்று அரபிக் கதை. தோற்ற ராஜாக்களுக்குக் கடல் ஒரு வசதி.

காலெப் உள்ளூர்க் கிறிஸ்தவர் ஒருவரை அரியணையில் வைத்துவிட்டு ஊர் திரும்பினார். விட்டுப்போன படையில் ஓர் ஆள் இருந்தான். பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் சொல்கிறபடி, அதூலிஸ் துறைமுகத்தில் கப்பல் வியாபாரம் செய்த ஒரு ரோமானியனின் அடிமையாக இருந்தவன். அந்த அடிமைதான் அரியணையில் இருந்தவரைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுத் தானே ராஜாவானான். காலெப் மூவாயிரம் பேரை அனுப்பினார். வந்தவர்களுக்கு ஏமன் பிடித்துப்போயிற்று. தளபதியைக் கொன்றுவிட்டுப் புது ராஜாவோடு சேர்ந்துகொண்டார்கள். இன்னொரு படை வந்து தோற்றது. அதற்குமேல் காலெப் யாரையும் அனுப்பவில்லை.

அந்த அடிமைதான் எங்கள் மதரஸாக் கதையின் அப்ரஹா.

இவர் வெட்டிய பெரிய கல்வெட்டு, ஸபா நாட்டின் பழைய தலைநகரான மஃரிபில் கிடைத்தது. நான்கு பக்கமும் எழுத்து கொண்ட தூண், 136 வரி. 1888-ல் எதுவார்த் கிளாசர் என்ற ஆஸ்திரிய அறிஞர் முஸ்லிம் ஆலிம் வேடத்தில் மஃரிபுக்குள் போய்ப் பல கல்வெட்டுகளைப் படியெடுத்து வந்தார், அவற்றில் இதுவும் ஒன்று. முதல் வரியிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘ரஹ்மானான், அவருடைய மெசியா, பரிசுத்த ஆவி இவர்களின் வல்லமையால்’ என்று தொடங்குகிறது. ரஹ்மானான்! கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆன்’ அவர்கள் மொழியில் ‘அந்த’ என்ற சுட்டு. எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நாம் தினமும் ஓதும் பெயர். யூத யூசுஃபின் பாறையிலும் இதே ரஹ்மானான். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்கள் கடவுளை ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்து பட்டங்கள். ஸபா, தூ ரைதான், ஹள்ரமவ்த், யமனத், மேட்டிலும் கடலோரத்திலும் உள்ள அவற்றின் அரபிகள் ஆகியோரின் அரசர். நம் சோழர் மெய்க்கீர்த்தி படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதிதான், பட்டம் நீள நீளப் போர் நடந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஸபா மட்டும். பிறகு ஹிம்யர்க்காரர்கள் தங்கள் தூ ரைதானைச் சேர்த்தார்கள். கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஷம்மர் யுஹர்இஷ் ஹள்ரமவ்தைப் பிடித்துப் பட்டத்தில் இரண்டு பெயர் கூட்டினார். 5-ஆம் நூற்றாண்டில் அபூகரிப் அஸ்அத் நடு அரேபியா வரை போய் மஃஸல் என்ற இடத்துப் பாறையில் தன் பெயரை வெட்டி, அரபிகளையும் பட்டத்துக்குள் இழுத்தார். பிற்பாடு வந்த அடிமை ராஜா, ஒரு பெயரையும் விடாமல் முழு நீளத்தையும் தனக்குச் சூட்டிக்கொண்டார்.

பிறகு விஷயத்துக்கு வருகிறார். கிந்தா குலத்துக்குத் தலைவனாக அவர் வைத்த யஸீத் பின் கப்ஷா கலகம் செய்கிறான். படை போகிறது. அவன் பணிந்துவிடுகிறான். அந்த நேரம் பார்த்து அடுத்த செய்தி வருகிறது: மஃரிப் அணை உடைப்பெடுத்துவிட்டது.

மஃரிப் அணையைப் பற்றித் தெரியாமல் இந்த நாட்டின் எந்த ராஜாவையும் புரிந்துகொள்ள முடியாது. ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடாது. மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும், சில நாளில் வடிந்துவிடும். அந்த வெள்ளத்தை அறுநூறு மீட்டருக்கு மேல் நீளமான மண்கரை போட்டு மடக்கி, இரண்டு முனையிலும் கல் மதகு வைத்து, வாய்க்காலில் ஏற்றிப் பாலைவனத்தில் விவசாயம் செய்தார்கள். வண்டல் படியப் படிய நிலம் உயரும், நிலம் உயர உயரக் கரையையும் உயர்த்த வேண்டும். கரை என்றைக்காவது ஒருநாள் உடையும். கண்மாய்ப் பாசன ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அணைக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘அரிம்’. ஸபா சூராவில் ‘ஸைலுல் அரிம்’ என்று வருகிறதே, அதே அரிம்தான். சின்ன வயதில் அதை ஏதோ வெள்ளத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அப்ரஹா குலங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி வேலைக்கு வரச் சொல்கிறார். நம் குடிமராமத்து மாதிரிதான். கூட்டம் சேர்ந்த இடத்தில் கொள்ளைநோய் பரவுகிறது. 541-ல் எகிப்தில் தொடங்கி மத்தியதரைக் கடல் முழுக்க ஆட்களை வாரிக்கொண்டு போன பெருநோயின் காலம் அது. அதன் ஒரு கை இங்கும் நீண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ராஜா என்ன செய்கிறார்? எல்லோரையும் ஊருக்குப் போகச் சொல்லிவிடுகிறார். நோய் அடங்கியதும் திரும்பக் கூப்பிடுகிறார். எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாகப் பட்டது. யானைமேல் உட்கார்ந்திருந்த ஆள் முதல் தடவையாகக் கீழே இறங்கி நின்ற மாதிரி இருந்தது.

இதற்கிடையே தூதர்கள் வருகிறார்கள். அபிசீனிய அரசர், ரோமானியப் பேரரசர், பாரசீகப் பேரரசர், பாரசீகர் பக்கம் இருந்த ஹீராவின் அரபு அரசர் முந்திர், பைசாந்தியர் பக்கம் இருந்த ஹாரிஸ் பின் ஜபலா, அபூகரிப் பின் ஜபலா. கல்வெட்டு எல்லோரையும் ஒரே வார்த்தையில் சொல்லவில்லை. அபிசீனியா, ரோம் இரண்டுக்கும் ஒரு சொல், பாரசீகத்துக்கு ஒரு சொல், மற்ற மூவருக்கும் இன்னொரு சொல். கல்யாண வீட்டில் யாரை எந்த வரிசை நாற்காலியில் உட்காரவைப்பது என்று பார்ப்பதைப் போல அளந்து எழுதியிருக்கிறார்கள்.

அணை வேலை 58 நாளில் முடிந்ததாகக் கணக்கு. அதன்பிறகு செலவுச் சீட்டு. மாவு 50,806. பேரீச்சம்பழம் 26,000. அறுத்த ஒட்டகமும் மாடும், ஆடும் தனித்தனியாக.

50,806. நான் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜா கல்லில் வெட்டுகிறார், 50,000 என்று முழுசாகப் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? யுத்தக் கணக்கில் செத்தவர்கள் 13,000, 12,500 என்று உருண்டையாகத்தான் வருகிறார்கள். மாவுக்கு மட்டும் 806. யாரோ ஒருத்தர் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் புள்ளி போட்டிருக்கிறார். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது.

இந்தக் கணக்குப் பழக்கம் அப்ரஹாவோடு தொடங்கியதும் இல்லை. அவருக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் முன்பே, கி.மு. 7-ஆம் நூற்றாண்டில், ஸபாவின் கரிபில் வதார் ஸிர்வாஹ் கோயிலில் தன் படையெடுப்புகளை வரிசையாக வெட்டிவைத்தார். அவ்ஸான் நாட்டை அழித்ததில் 16,000 பேரைக் கொன்று 40,000 பேரைப் பிடித்தாராம். உள்ளூரில் யாரும் எதிர்த்து எண்ணிப் பார்த்திருக்கப் போவதில்லை.

வெளியூர்க்காரர்கள் எழுதிய கணக்கு ஒன்று உண்டு. அதை இங்கே சொல்லியாக வேண்டும். கி.மு. 26-ல் அகஸ்டஸ் சீசர், சாம்பிராணிப் பணத்தின்மேல் கண்வைத்து, எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் காலஸைப் பத்தாயிரம் பேரோடு தென் அரேபியாவுக்கு அனுப்பினார். வழிகாட்டி நபாத்திய நாட்டு அமைச்சர் ஸில்லையஸ். கப்பலில் வந்து, பல கப்பலை இழந்து, நோயில் விழுந்து, பாலைவனத்தில் ஆறு மாதம் நடந்து மர்சியபா என்ற ஊரை முற்றுகையிட்டார்கள். ஆறே நாள். தண்ணீர் இல்லை. திரும்பிவிட்டார்கள். போக ஆறு மாதம் ஆன பாதையில் திரும்பி வர அறுபது நாள்தான் ஆனது. பழி முழுக்க வழிகாட்டியின் தலையில். காலஸின் நண்பர் ஸ்ட்ராபோ எழுதுகிறார், சண்டையில் செத்தது ஏழே பேர், மற்றவர்களைக் கொன்றது பசியும் நோயும் அலைச்சலும்.

அதே அகஸ்டஸ் பிற்பாடு தன் சாதனைகளை வெண்கலப் பலகைகளில் வெட்டவைத்தபோது இந்தப் படையெடுப்பு எப்படி வருகிறது தெரியுமா? தன் படை அரேபியாவில் ஸபா நாட்டின் மாரிபா வரை முன்னேறியதாக. அவ்வளவுதான். திரும்பி வந்த கதை இல்லை.

சரி, யானைக்கு வருகிறேன். அப்ரஹாவின் இன்னொரு கல்வெட்டு முரைகான் என்ற கிணற்றடியில் இருக்கிறது. பத்தே வரி. 1951-52-ல் அந்தப் பக்கம் அலைந்த ஆய்வுக் குழு ஒன்று கண்டுபிடித்தது. ஹிம்யரிக் வருஷம் 662, அதாவது கி.பி. 552. நடு அரேபியாவின் மஅத் கூட்டத்தார்மீது படையெடுப்பு. கிந்தாவை ஒரு பக்கம், முராத், ஸஅத் குலங்களை இன்னொரு பக்கம் அனுப்பிவிட்டு, ராஜா தானே ஹலிபானில் சண்டை போடுகிறார். முராதும் ஸஅதும் மோதிய துரபான், தாயிஃபுக்குக் கிழக்கே இருக்கும் துரபாதான் என்கிறார்கள். மக்காவுக்கு ரொம்பத் தூரமில்லை. மஅத் பணிகிறது, பிணையாட்கள் வருகிறார்கள், முந்திரின் மகன் அம்ரும் வந்து சமாதானம் பேசுகிறான். ரஹ்மானானின் வல்லமையால் ராஜா ஹலிபானிலிருந்து திரும்பினார். முற்றும்.

யானை இல்லை. மக்கா இல்லை. பறவை இல்லை.

இதைக் கண்டுபிடித்ததும் ஒரு சாரார், இதுதான் யானை வருஷத்துப் படையெடுப்பு, அதாவது அப்ரஹா யானையோடு மக்காவுக்கு வந்த படையெடுப்பு, என்று ஒட்டப் பார்த்தார்கள். நம் மரபுக் கணக்கில் யானை வருஷம் 570 வாக்கில், கல்வெட்டு 552-ல். பதினெட்டு வருஷ இடைவெளியைப் பசை போட்டு ஒட்ட முடியாது. இன்னொரு சாரார், கல்லில் இல்லை, ஆகவே நடக்கவே இல்லை என்று முடித்துவிட்டார்கள். இதுவும் அவசரம்தான். நஜ்ரான் வட்டாரப் பாறைகளில் பாகனோடு யானை செதுக்கிய ஓவியங்கள் கிடைத்திருக்கின்றன. காலெப் நான்கு யானை பூட்டிய தேரில் நின்றதைத் தூதர் ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார். கடலுக்கு இந்தப் பக்கம் யானை வந்தது நம்ப முடியாத விஷயம் இல்லை. எதற்காக வந்தது என்பதைத்தான் பாறையில் செதுக்கியவன் சொல்லவில்லை.

போன லீவில் ஊருக்குப் போனபோது ஹஜரத்தைப் பார்க்கப் போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, பார்வை மங்கல், காது மட்டும் கூர்மை. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அணை, நோய், தூதர்கள், கிணற்றடிக் கல். கடைசியில் தயங்கித் தயங்கி, “ஆனா யானையைப் பத்தி ஒரு வரிகூட இல்ல ஹஜரத்” என்றேன்.

அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “ஏம்ப்பா, ஜெயிச்சதுக்குக் கல்லு நடுற ராஜா, குருவிகிட்ட அடி வாங்கிட்டு ஓடியாந்ததுக்கும் சேத்தா நடுவான்?”

அகஸ்டஸ் கதையை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த அணைக்கட்டு மாவு எவ்வளவுன்னு சொன்னே?” என்று கேட்டார்.

“ஐம்பதாயிரத்து எண்ணூத்தி ஆறு.”

“மூட்டையா, மரக்காலா?”

“தெரியல ஹஜரத்.”

“நீ ஸ்டோருலதானே இருக்கே? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு குடுப்பே?”

சொன்னேன். ஐம்பத்தெட்டு நாளைக்கு என்ன கணக்கு ஆகும் என்று அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் கிடந்த பேப்பர் ஓரத்தில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை வந்தது.